குரவைக்கு எழும்பாத நாய்

நாய் பழக்கும் தொழிலில் பெரிய சங்கடம், உண்மையில் பழக வேண்டியவர் கயிற்றின் மறுமுனையில் நிற்பதுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார், நாயை மட்டும் அனுப்பிவைப்பார். நாய் வளர்த்து அவதிப்பட்ட அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சண்டைக் காலத்தில், அமிர்தகழிப் பக்கம் வாவிக்கரையோரத் தென்னங்காணி ஒன்றில் நான் இந்தத் தொழிலைச் செய்தேன். எனக்குக் குரு, அட்டையும் முதல் அத்தியாயமும் இல்லாத ஓர் ஆங்கிலப் புத்தகம். கடிபடாமல் நாயைப் பிடிப்பது எப்படி என்பது அந்த அத்தியாயத்தில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதை மட்டும் நான் கடைசிவரை கற்கவில்லை. நிகண்டுகள் நாய்க்கு ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று அழகழகாகப் பெயர் சொல்கின்றன. என்னிடம் வந்தவை எல்லாம் ஜிம்மி, டைகர், ரெக்ஸ்.

துணைக்குத் தேவசகாயம் இருந்தார். அவர் தையற்காரர். புதுச்சட்டை தைப்பவர்கள் குறைந்துபோனதால் என்னோடு சேர்ந்தார். கள்ளனாக நடித்துக் கடிபடுவது அவருடைய பொறுப்பு, கடி எந்தக் கோணத்தில் விழுந்தது என்று ஆராய்வது என்னுடையது. ஒரு நாய் ஒரு பாடத்தில் தேறினால் நாய்க்கு ஒரு துண்டு கருவாடும் சொந்தக்காரருக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் கொடுப்போம். கொண்டாட அதிகம் எதுவும் இல்லாத ஊரில் அது ஒரு சின்னத் திருவிழா.

சீமெந்துக் குழாய்

காணிக்குள் தார்ப் பீப்பாக்களை வரிசையாக வைத்திருந்தோம். நாய் அவற்றை வளைந்து வளைந்து கடக்க வேண்டும். பிறகு ஒரு தென்னங்குற்றியைத் தாண்ட வேண்டும், மதகுக்குப் போடும் சீமெந்துக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். வெளியே ரோட்டில் ஆமியின் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டிறங்கி, இதே மாதிரிப் பீப்பாக்களுக்கு நடுவே தலைகுனிந்து வளைந்துபோனவர்கள், உள்ளே வந்து தங்கள் நாய்கள் வாலாட்டிக்கொண்டு அதையே செய்வதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள்.

செல்வமலர் டீச்சரின் ரெக்ஸ் ஒரு கொழுத்த நாய். மற்ற எல்லாம் செய்யும், குழாய்க்குள் மட்டும் போகாது. டீச்சர் மெதடிஸ்த திருச்சபையில் பாட்டுக்குழுவை நடத்துபவர். நாற்பது பேரை ஒரே சுருதியில் நிறுத்தத் தெரிந்த அவருக்கு ஒரு நாயைக் குழாய்க்குள் தள்ளத் தெரியவில்லை. கெஞ்சினார், பிஸ்கட் காட்டினார், ஒருநாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது வாவிக்கு மேலாக ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து, சுட்டுக்கொண்டே வந்தது. நாங்கள் தென்னைமரங்களின் பின்னால் விழுந்தோம். டீச்சர் சேலையைச் சுருட்டிக்கொண்டு நேரே குழாய்க்குள் போனார். அவருக்குப் பின்னால், எவரும் சொல்லாமலே, ரெக்ஸ் போனது. சத்தம் அடங்கி இருவரும் மறுமுனையால் வெளியே வந்தபோது தேவசகாயம் ஏற்கனவே கேத்திலை அடுப்பில் வைத்திருந்தார்.

“டீச்சர், ரெக்ஸ் பாஸ். ஆனா நீங்கதான் முதலாம் பிள்ளை.”

தயிர்க்காரியின் நாய்

புஷ்பராணி வவுணதீவுப் பக்கத்தவர். நாள்தோறும் சைக்கிள் கரியலில் தயிர்ச்சட்டிகளைக் கட்டிக்கொண்டு, பாலத்தில் ஆமி சோதிக்கும் சென்றியைக் கடந்து ரவுண் கடைத்தெருவுக்கு வந்து விற்றுவிட்டு, மத்தியானம் திரும்பிப் போவார். வீட்டில் இருப்பது அவரும் கறுவல் என்ற நாயும்தான். வீட்டில் முன்பு இருந்தவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நாங்களும் கேட்பதில்லை.

கறுவலைக் கட்டிவிட்டு வந்தால் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவரும். சென்றியில் சீருடையைக் கண்டதும் பாய்ந்து பாய்ந்து குரைக்கும். மத்தியான நேரம் அங்கே நிற்கும் ஓர் இளம் ஆமிக்காரன் அதைக் கண்டாலே துவக்கைத் தூக்குவானாம். ஒருநாள் புஷ்பராணி சைக்கிளை எங்கள் வேலியில் சாத்திவிட்டு, நாயைத் தூக்கி என் கையில் தந்தார். குரைக்காமல் ஆக்கித் தரும்படி கேட்டார். தருவதற்குள் அது சாகக்கூடாது என்பதால் இங்கேயே வைத்திருக்கும்படியும் கேட்டார். நான், நாயின் குரைப்பு பயத்தால் வருவதா ஆத்திரத்தால் வருவதா என்று முதலில் வகைப்படுத்த வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இண்டைக்கு அவன் வெருட்டினான், மாஸ்டர். நாளைக்கு வெறுமனே வெருட்ட மாட்டன் எண்டும் சொல்லிற்றான்.”

குடையோடு ஒரு சென்றி

தேவசகாயம் பழைய காக்கிச் சட்டை ஒன்றைத் தேடிப்பிடித்துத் தன் அளவுக்குப் பிரித்துத் தைத்தார். பீப்பாக்களுக்குப் பின்னால் துவக்குக்குப் பதிலாகக் குடையை நீட்டிக்கொண்டு நிற்பார். கம்பு வைத்திருந்தால் ரோட்டால் போகும் உண்மையான துவக்குக்காரர் தப்பாக நினைத்துவிடக்கூடும். கறுவல் முதல்நாள் சட்டையைப் பார்த்துக் குரைத்தது, மறுநாள் குடையைப் பார்த்துக் குரைத்தது, பிறகு தேவசகாயத்தின் முகத்தை மட்டும் பார்த்துக் குரைத்தது. இது முன்னேற்றம் என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

என் புத்தகம் ஒரு விதி சொல்லியிருந்தது: நாய் பாடத்தைச் சரியாக முடித்த அந்தக் கணத்திலேயே எப்போதும் ஒரே ஓசையை எழுப்ப வேண்டும். உடனே கருவாடு வர வேண்டும். அந்த ஓசை வந்தால் பாடம் முடிந்தது, எழும்பலாம் என்று நாய் புரிந்துகொள்ளும். புத்தகக்காரர் விசில் ஊதச் சொல்கிறார். அவருடைய ஊரில் ஊதலாம். எங்கள் ஊரில் அந்த நாட்களில் வேலிக்குள்ளிருந்து விசில் கேட்டால் ரோட்டில் போகிறவன் ஓடுவான், ஓடுகிறவனை இன்னொருவன் சுடுவான்.

இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், புஷ்பராணி வெறும் சட்டிகளோடு வந்தார். அன்றுதான் கறுவல் காக்கிச் சட்டைக்கு முன்னால் குரைக்காமல் உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது. புஷ்பராணி சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு, கோயிலில் சாமி வெளியே வரும்போது போடுவதுபோல, நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குரவை போட்டார். தென்னையில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. நான் உடனே கருவாட்டைக் கொடுத்தேன். நாட்டுக்கேற்ற ஓசை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் காணியில் தேறிய ஒவ்வொரு நாய்க்கும் குரவை. தேவசகாயம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

“எண்ட கலியாணத்துக்குக்கூட ஒருத்தரும் இவ்வளவு நீளத்துக்குக் குரவை போடல்ல, மாஸ்டர்.”

பந்திக்கு வந்தவர்கள்

அன்பர்களே, ஒரு கண்டுபிடிப்பின் குறையை அதைக் கண்டுபிடித்தவனுக்குப் பக்கத்து வீட்டார்தான் சொல்லித்தருகிறார்கள். பின்வேலிக்கு அப்பால் பெரியவளான ஒரு பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. எங்கள் பக்கம் கறுவலும் ரெக்ஸும் இன்னும் சில நாய்களும் வரிசையில் உட்கார்ந்து அசையாமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தன. அங்கே பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தார்கள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவை போட்டார்கள். இங்கே வரிசை மொத்தமாக எழும்பியது. வேலியில் எங்கே ஓட்டை இருந்தது என்பது எனக்குத் தெரியாது, நாய்களுக்குத் தெரிந்திருந்தது.

கறுவலைப் பார்க்க வந்திருந்த புஷ்பராணி பாலம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்யாண மாதம் வருகிறது. பாலத்தால் கல்யாண வீட்டார் போவார்கள், வருவார்கள். சென்றியில் கறுவல் உட்கார்ந்திருக்கும்போது எங்கேயாவது ஒரு குரவை கேட்டால், கருவாடு தேடி நேரே சீருடைக்காரன் மேல் பாயும். குரைத்துக்கொண்டு தூர நிற்கும் நாயைச் சுடலாமா என்று யோசிப்பவன், பாய்ந்துவரும் நாயைச் சுட யோசிக்கமாட்டான். நான் வேலியருகே போய் மன்னிப்புக் கேட்டேன். சடங்கு வீட்டு அம்மா கையில் தாம்பாளத்தோடு வந்தார்.

“உங்கட பிள்ளையள் எல்லாம் வந்து வரிசையா இரிக்காங்க, மாஸ்டர். இலை போடட்டா?”

டீச்சரின் குரவை

கற்றதை மறக்கவைப்பது கற்பிப்பதைவிடக் கடினம் என்று என் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அதற்கும் அவர் சொன்ன வழி ஒன்றுதான்: ஓசை கேட்க வேண்டும், கருவாடு வரக்கூடாது, திரும்பத் திரும்ப. இனிமேல் எழும்பலாம் என்பதற்கு ஓசையே இல்லை, தலையில் வைக்கும் கை மட்டும்தான் என்று முடிவுசெய்தோம். கை வைக்கும்வரை வானம் இடிந்தாலும் கறுவல் உட்கார்ந்திருக்க வேண்டும். கைதான் வேண்டும், அது யாருடைய கை என்பது பாடத்தில் இல்லை. தேவசகாயமும் வைத்தார், நானும் வைத்தேன், வேலிக்கு அப்பால் இருந்த அம்மாவும் வந்து வைத்தார்.

குரவைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். தெருவில் இருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். ஒரு நாயின் உயிருக்காகக் குரவை போடுவது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது, ஆனாலும் புஷ்பராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு எவரும் சிரிக்கவில்லை. முதல் சில நாட்கள் கறுவல் ஒவ்வொரு குரவைக்கும் எழும்பியது, ஏமாந்து மறுபடி உட்கார்ந்தது. ஆட்கள் போதவில்லை. தன்னுடைய சபையில் குரவை வழக்கமில்லை என்று தள்ளி நின்ற செல்வமலர் டீச்சரை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி ரெக்ஸின் பக்கத்தில் வைத்தார், தொண்டையைச் செருமினார், போட்டார். பாட்டுக்குழு நடத்திய நுரையீரல். எங்களுக்குக் காது அடைத்தது. கறுவலின் காதுகள் மட்டும் அசைந்தன, உடம்பு அசையவில்லை. அன்று எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினோம். டீச்சர் கோப்பையை வாங்கும்போது கொஞ்சம் சங்கடத்தோடு வானத்தைப் பார்த்தார்.

“ஆண்டவர் கேட்டா, நாய்க்காகத்தான் போட்டனான் எண்டு சொல்லுவன்.”

பாலத்தில்

கறுவலை வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாள் நானும் பாலத்துச் சென்றி வரிசையில் நின்றேன். பயிற்சியாளன் என்ற தகுதியில் அல்ல, வவுணதீவில் ஏதோ அலுவல் உள்ளவன்போல. புஷ்பராணி எனக்குச் சற்று முன்னால், சைக்கிளைப் பிடித்தபடி. கறுவல் அவருடைய காலடியில். வரிசையின் தலையில் ஒரு கல்யாணக் கோஷ்டி உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இறங்கி நின்றது. மாப்பிள்ளையும் தலைப்பாகையோடு இறங்கி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே நின்றவன் அதே இளம் ஆமிக்காரன். நாயைக் கண்டதும் துவக்கின் வாரைத் தோளிலிருந்து இறக்கினான்.

கறுவல் சீருடையைப் பார்த்தது. பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. குரைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மணமக்கள் மறுபடி பெட்டியில் ஏற, பெண்கள் குரவை போட்டார்கள். கறுவலின் காதுகள் அசைந்தன, அவ்வளவுதான். உழவு இயந்திரம் போனது. புஷ்பராணியின் அட்டையைப் பார்த்துவிட்டு இன்னோர் ஆமிக்காரன் போகச் சொன்னான். தயங்கி நின்றவரை அதட்டி, சைக்கிளோடு மறுபக்கம் தள்ளிவிட்டான். அந்தப் பதற்றத்தில் அவர் நாயின் தலையில் கைவைக்கவில்லை. கடந்துபோனவர் திரும்பி வரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

ஆகவே கறுவல் நடு ரோட்டில் உட்கார்ந்தே இருந்தது. புஷ்பராணி கூப்பிட்டார், அது வாலை மட்டும் ஆட்டியது. பின்னால் வரிசை நீண்டது. இளம் ஆமிக்காரன் போ என்று சிங்களத்தில் சொன்னான், தமிழில் சொன்னான், சப்பாத்துக்காலைத் தரையில் அடித்தான். துவக்கின் வாய் நாயின் நெற்றிக்கு நேரே வந்தது. கறுவல் அதையும் குடை என்றே எடுத்துக்கொண்டு பேசாமல் பார்த்தது. நான் வரிசையை விட்டு ஓர் அடி வைத்தேன். இன்னொருவனின் துவக்கு என் பக்கம் திரும்பியது, நின்றுவிட்டேன். மறுபக்கத்திலிருந்து புஷ்பராணி தன் தலையில் தானே கையை வைத்து வைத்துக் காட்டினார். அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கியது. விளங்கியதும் முகம் இன்னும் மோசமாகியது. காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, கெண்டைக்காலில் இருந்த பழைய கடித்தழும்பை அவருக்குக் காட்டினான். அவர் மறுபடியும் தன் தலையில் கையை வைத்தார், இந்த முறை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல.

அவன் துவக்கை இடக்கைக்கு மாற்றினான். குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. வலக்கை விரல்களைக் கறுவலின் தலையில் வைத்தான், கொதிக்கும் சட்டியைத் தொடுவதுபோல. பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தான். கறுவல் எழும்பி, உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, பீப்பாக்களை வளைந்து வளைந்து கடந்து புஷ்பராணியிடம் போனது. அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், பாலத்துக்கு அப்பால் பார்த்தான்.

“அக்கா, நாளைக்கும் டியூட்டி நான்தான்.”

இத்தனை காலம் இந்தத் தொழிலைச் செய்ததில் எனக்குத் தெரியவந்தது இவ்வளவுதான்: ஒரு நாயை உட்காரவைக்க ஒரு புத்தகமும் ஒரு தையற்காரரும் ஒரு தெருவின் பெண்களும் போதும், அதை எழுப்பிவிடுவதற்குத்தான் நாங்கள் பழக்காத ஓர் ஆள் தேவைப்படுகிறார்.