அண்ணைக்காக நான் வைத்த நேர்த்தி

அண்ணை எங்களை விட்டுப் போய் இன்றுடன் முப்பத்தொரு நாள். அவருடைய ஒரே தம்பி நான். முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன். எண்ணாமல் இருக்கத் தெரியாதவன். இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவுகள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொடிகாமத்துக்குத் தெற்கே, எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். எங்கள் ஐயா காலமானபோது அண்ணைக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவர் பள்ளியை விட்டு மண்வெட்டியை எடுத்தார், நான் படித்தேன். போரால் இடம்பெயர்ந்திருந்த மாதங்களைத் தவிர்த்தால், கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் சந்தைக்குப் போகாத நாள்கள் மிகச் சில. சும்மா இருப்பது அவரால் முடியாத காரியம்.

அறுபத்தெட்டு வயதில் அவருடைய இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மறுநாளே இருபத்துமூன்று அடி நடந்தார். எழுபத்துமூன்றில் வலது மூட்டு. முதல் தடவை எதற்குப் பயப்படுவது என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்திருந்தது. கிருமி தொற்றலாம், இரத்தம் உறையலாம், மூட்டு கழலலாம். சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் மூன்று மணி இருபது நிமிடம் நின்றேன். அந்தப் பயத்தில், "அண்ணை எழும்பி நடந்தால் தேர்த் திருவிழாவன்று பிரதட்டை செய்வார்" என்று எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணை நடந்தது ஒன்பது அடி. பத்தாவதுக்குக் கால் எழவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் சொன்னார்: குந்தக் கூடாது, சம்மணம் கட்டக் கூடாது, இடுப்பைத் திருகவே கூடாது. என் நேர்த்தி நினைவுக்கு வந்தது. வெறும் மேலோடு வீதி மணலில் உருண்டு கோயிலைச் சுற்றுவதல்லவா பிரதட்டை! உருண்டால் மூட்டுப் போகும். உருளாவிட்டால் தெய்வக் குற்றம். தேருக்குப் பதினொரு கிழமை இருந்தது, எழுபத்தேழு நாள்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணை நாற்பது அடி நடந்தார், பிறகு கிணற்றடிவரை, பிறகு வாசல் படலைவரை. அவருடைய அடிகள் கூடக்கூட எனக்கு நித்திரை குறைந்தது.

"என்னடா, நான் நடக்க உனக்கேன் முகம் கறுக்குது?" என்று ஏழாம் கிழமை கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில், சமைத்துக்கொண்டிருந்த அவருடைய மகள் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"நேர்ந்தது நீ, உருளுறது நானோ? நல்ல கணக்கடா வாத்தியார்!"

சிரிப்பு அடங்கியபின் மெல்லச் சொன்னார்: "சரி, பிள்ளையாருக்குச் சொன்னது சொன்னதுதான். உருளுறன்."

அவர் சொன்னால் செய்வார். நான் அன்றே கோயில் ஐயரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நேர்ந்த வாய் ஆருடைய வாய்?"

"என்ரை, ஐயா."

"அப்ப உடம்பும் உங்கடையா இருக்கட்டுமே."

அப்போதுதான் விளங்கியது. பயந்தவன் நான், நேர்ந்தது அவருடைய உடம்பை.

தேரன்று அறுபத்தொன்பது வயதில் நான் மணலில் படுத்தேன். அண்ணை ஊன்றுகோலுடன் பக்கத்தில் நடந்தார். மேற்கு வீதி மூலையில் தலை சுற்றியது. மணல் சுட்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

"அண்ணை, ஏலாது."

"ஒன்பது உருளடா. நானும் ஒன்பதிலைதானே துவங்கினனான்."

ஒன்பது முடிய இன்னொரு ஒன்பது என்றார். அப்படியே கொடிமரத்தடிவரை எண்ணிக்கொண்டு வந்தார். அன்று மட்டும் நான் எண்ணவில்லை.

ஆறாம் மாதம் அண்ணை மீண்டும் சைக்கிளில் ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று பின்னால் ஓட்டோவில் போனேன். அவர் விழவேயில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஒரு காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து கதிரையில் அமர்ந்து மகளிடம் தேத்தண்ணி கேட்டார். அது வருமுன் போய்விட்டார்.

அண்ணையைத் தூக்கிவிட்ட வைத்தியர்களுக்கும், தாதியருக்கும், நடை பழக்கிய பிள்ளைக்கும், இரவு பகல் பார்த்த மகளுக்கும், செத்தவீட்டிலும் இன்றும் எங்களோடு நின்ற அயலவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. வருகிற மாதம் எனக்கும் இடுப்பில் சத்திரசிகிச்சை. பயமாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து எனக்காக ஒருவரும் ஒன்றும் நேர வேண்டாம். மறுநாள் கட்டிலடிக்கு வந்து, ஒன்பதுவரை எண்ணினால் போதும்.