தாள் கனகாம்பரம்

நேற்றுக் காலை ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் ஒரு பசை வாளி என்னை அலுவலகம் போகவிடாமல் நிறுத்திவிட்டது. எனக்குப் பின்னாலிருந்த சுவரில் ஒருவர் பூப்புனித நீராட்டு விழா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மதுரையில் போஸ்டர் அடிக்காமல் யாரும் வயதுக்கு வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எனக்கு போஸ்டர் முக்கியமில்லை, வாசனைதான். மைதாவைக் கொதிக்கவைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்துக் கிண்டிய பசை. லேசான புளிப்பும் சூடும் கலந்த அந்த வாசனையை மூக்கில் ஏற்றிக்கொண்டு நின்றதில் என் பஸ் வந்து போனதே தெரியவில்லை. "என்னண்ணே, பசை எதும் வேணுமா?" என்று அவரே கேட்டுவிட்டார். ஐம்பதை நெருங்குகிற ஆள் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் வேறென்ன கேட்பார்?

ஒரு மார்கழி மாதம் முழுக்கத் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீடு இதே வாசனையோடு இருந்தது. அப்போது நான் பி.காம். முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். தேடிப் போகவும் இல்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கூடப் படித்த செந்திலுக்கும் அதே நிலைமை. அவனுக்குப் படம் வரையத் தெரியும். எனக்குக் கவிதை எழுதத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் தொழில் தொடங்காமல் என்ன செய்வார்கள்? பொங்கல் வாழ்த்து அட்டை செய்வதென்று முடிவெடுத்தோம்.

அந்தக் காலத்தில் மார்கழி பிறந்ததும் கடை வாசல்களில் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்டிவிடுவார்கள். கயிறு நிறைய அச்சடித்த அட்டைகள் தொங்கும். முருகன், கரும்பு, பானை, கொம்பில் வர்ணம் பூசிய மாடு, சினிமா நட்சத்திரங்கள். எங்கள் அட்டையில் பூ இருக்கும். படத்தில் அல்ல, தொட்டுப் பார்க்கிற மாதிரி நிஜமாகவே எழுந்து நிற்கும். கிரேப் பேப்பரை இதழ் இதழாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுற்றி இழுத்தால் ஓரம் அழகாகச் சுருண்டுகொள்ளும். அதைச் சேர்த்துக் கட்டி, சார்ட் அட்டையில் பசை வைத்து ஒட்டி, மேலே கொஞ்சம் ஜிகினா தூவ வேண்டும். உள்ளே என் கவிதை. 'பொங்கும் பாலைப் போல உன் புன்னகையும் பொங்கட்டும்' என்று எழுதிக் காட்டினேன். செந்தில் ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாப்ள, பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சுன்னா என்ன செய்வ?"

கவிதையாவது பரவாயில்லை. நான் செய்த முதல் ரோஜாவைப் பார்த்து, "காலிஃபிளவர் யாருக்குடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசி பொறுக்குகிற மாதிரி இதழ்களைப் பொறுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. அவ்வளவுதான். ரோஜா உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு எனக்குப் பசை கிண்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். இன்றுவரை எனக்குக் கட்டி விழாமல் செய்யத் தெரிந்த ஒரே பதார்த்தம் அதுதான்.

ஒருநாள் செந்தில் சிவப்புத் தாளுக்குப் பதிலாக ஆரஞ்சு வாங்கி வந்துவிட்டான். கடையில் விளக்கு மங்கலாம். ஆரஞ்சில் ரோஜா செய்தால் யார் வாங்குவது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா அந்தத் தாளிலிருந்து மெல்லிய இதழ்களாக வெட்டத் தொடங்கியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கனகாம்பரம். ஒன்றிரண்டு இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு சரமே கட்டியிருந்தாள். நிஜக் கனகாம்பரத்துக்கும் வாசனை கிடையாது என்பதால் பார்த்தவுடனே ஏமாந்துபோகலாம்.

"ஐயோ, சூப்பர்மா! இதே மாதிரி இருவது போடுங்க" என்று செந்தில் கையை நீட்டினான்.

"அத வைப்பா" என்றாள் அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது. சரத்தை எடுத்துக்கொண்டு போய் ரேடியோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சொந்தத்தில் மல்லிகையை ஒதுக்கிவிட்டுக் கனகாம்பரம் வைத்துக்கொள்ளும் ஒரே ஆள் எங்கள் சித்திதான்.

அம்மாவும் சித்தியும் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். இரண்டு பேரும் சின்ன வயதிலேயே அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். கலியாணமாகி அம்மா திருப்பரங்குன்றம் வந்தாள். சித்திக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை. என் அக்கா கலியாணத்துக்குச் சித்தி நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். காய் நறுக்குவதிலிருந்து பந்தி பார்ப்பது வரை அவள்தான். மணமேடையில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தபோது அவள் சமையல்கட்டில் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அக்காவின் தலைதீபாவளி விருந்தன்று ஆல்பம் வந்தது; விருந்துக்கு வந்திருந்த சித்தி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினாள்.

"ஏக்கா, இம்புட்டுப் போட்டா இருக்கு. ஒண்ணுலயாச்சும் நான் இருக்கேனா?"

வந்த விருந்தாளிகளைக் கவனித்துக் களைத்திருந்த அம்மா, "போட்டாவுல நிக்கவா வந்த?" என்று கேட்டுவிட்டாள்.

சித்தி ஆல்பத்தை மூடி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பிறகு நான்கு வருடம் பேச்சில்லை. அப்பா போய்ப் பார்த்தார், சித்தப்பா வந்து பார்த்தார். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் நான் நல்ல அட்டையாக ஒன்றை எடுத்து அந்தச் சரத்தை ஒட்டினேன். கட்டை விரலில் பசை ஒட்டியிருந்ததால் அட்டையில் என் ரேகையும் விழுந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உள்ள என்னம்மா எழுத?"

"உன் கவிதைய எழுதிராதடா சாமி."

"அப்ப நீ சொல்லு."

"ஒண்ணும் எழுத வேணாம். அட்ரஸ மட்டும் எழுது" என்றாள்.

எழுத்தே இல்லாத வாழ்த்து அட்டையைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி உறையைத் தடவிப் பார்த்து, "உள்ள என்னப்பா புடைப்பா இருக்கு?" என்றார். பூ என்றேன். முத்திரையை மெதுவாகக் குத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே மூலையில் வலிக்காத மாதிரி ஒன்று வைத்தார். "நான் பதமாக் குத்திட்டேன். அங்கிட்டுப் போயி எவன் எப்படிக் குத்துவானோ, எனக்குத் தெரியாது" என்றார்.

போகி வந்தது. பொங்கல் வந்தது. எங்கள் அட்டைகள் பெரும்பாலும் விற்றுப்போயின. செந்திலும் நானும் அந்தப் பெருமையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சுற்றினோம். ஆனால் வெளிக்கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பால்காரர் வந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மாட்டுப் பொங்கலும் முடிந்தது. எழுதாமல் அனுப்பியது தப்போ என்று எனக்கு அரித்துக்கொண்டிருந்தது. என் கவிதையையே போட்டிருக்கலாம், கோபத்திலாவது கிளம்பி வந்திருப்பாள்.

எல்லாம் ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை. வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் புது அரிசி மூட்டை, இன்னொரு கையில் அந்த உறை. உள்ளே வராமலே உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அங்கிட்டு எவனோ நன்றாகவே குத்தியிருந்தான். அம்மாவின் கனகாம்பரச் சரம் தட்டையாக அட்டையோடு அட்டையாகக் கிடந்தது.

"ஏக்கா, பூவ அனுப்புனியா, அப்பளத்த அனுப்புனியா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"யாரு அனுப்புனதுன்னு ஒரு எழுத்து இல்ல. ஆனா ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு. உன் கட்டு எனக்குத் தெரியாதா?" என்றாள் சித்தி தண்ணீரைக் குடித்தபடி. "மாட்ட விட்டுட்டு உடனே வர முடியலக்கா."

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"விடுக்கா" என்றபடி சித்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அம்மா விடவில்லை. பீரோவைத் திறந்து தன் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துச் சித்தி மடியில் போட்டாள். "கட்டிக்க. ஸ்டுடியோவுக்குப் போயிட்டு வந்துருவோம்."

சித்தி புடவையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினாள். நான்கு வருடமாகக் கேட்க முடியாத மன்னிப்பை அம்மா அப்படித்தான் கேட்டாள். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னபோது இருவரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் கேமராவை இறக்கியதும் சிரித்தார்கள். சித்தி மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள்.

எங்கள் தொழில் அடுத்த பொங்கலோடு நின்றது. எனக்கு ஒரு மில் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது; செந்தில் கோயம்புத்தூர் போய்விட்டான். அட்டை தொங்கிய கடையில் இப்போது செல்போன் உறை தொங்குகிறது. தையில் உறைகளை மூட்டை மூட்டையாகச் சுமந்த தபால்காரர்கள் இல்லை. அந்தச் சணல் கயிறுகள் இல்லை. கவிதையை விட்டதில் மட்டும் யாருக்கும் நஷ்டமில்லை.

அம்மா இப்போது என்னோடு ஒத்தக்கடையில் இருக்கிறாள். சித்தி மகனும் அடுத்த தெருவிலேயே வீடு கட்டிவிட்டதால் சித்தியும் இங்கேதான். போன வாரம் புளிக்குழம்பில் வெல்லம் போடுவதா வேண்டாமா என்று இருவருக்கும் பெரிய சண்டை. காலை பத்து மணிக்கு, "இனி உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சித்தி போனாள். நாலு மணிக்கு கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "டீ போட்டியாக்கா? எனக்கும் ஊத்து" என்று உட்கார்ந்தாள். அம்மாவும் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். நான்கு வருடம் பேசாமல் இருக்கிற தெம்பெல்லாம் இரண்டு பேரிடமும் எப்போதோ போய்விட்டது.