பரவைக்குப் போன பிராசசர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் குப்பை கொட்டும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கெட்டுப்போன மிஷினைத் தொடப் பயமே வேண்டாம், நன்றாக ஓடும் மிஷினைத் தொடத்தான் பயப்பட வேண்டும்.

இன்ஜினியர் வந்தாச்சு

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி செல்வம் அண்ணனும் நம்பியதுதான் வினை. பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்ட, நம்மிடம் ஆள் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

முதலில் கடையின் பழைய மிஷினில் பழகினேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது, சோதனை ஓட்டுவது, சூட்டைப் பார்ப்பது, பிறகு இன்னும் கொஞ்சம். வோல்டேஜ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனாலும் ஒரு கையை மெயின் சுவிட்ச் மேல் வைத்துக்கொண்டு, எட்ட நின்றுதான் திரையைப் பார்த்தேன். செல்வம் அண்ணன் சொன்னார்: "மாப்ள, வெடிக்குத் திரி கொளுத்துனவன் மாதிரி நிக்காத. கடைக்கு வாரவன் ஓடிருவான்."

கறுத்த திரை

கொஞ்சம் தைரியம் வந்ததும் ஒரே தாவலாகக் கூட்டினேன். திரை கறுத்தது. மறுபடி போட்டாலும் காற்றாடி மட்டும் சுற்றியது. இப்படி ஆனால் போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில், வேலை போன செய்தியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

கூட வேலை பார்க்கும் ரபீக் வந்தான், பேட்டரியைக் கழற்றினான், மாட்டினான். மிஷின் எழுந்துகொண்டது. "நேத்து நீதான மாப்ள இதச் சொல்லிக்குடுத்த? கேட்ட எனக்கு ஞாபகம் இருக்கு, சொன்ன ஒனக்கு இல்லையே."

ஒரே கேள்வி

பிறகு பரவையிலிருந்து முருகன் அண்ணன் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் மச்சினிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் பெரிய திரையில் வீடியோ ஓட வேண்டும். இவரிடம் இருப்பதோ ஒரே மிஷின், அது ஆமையாக நகர்ந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் திரை இருண்டு கிடந்தால், மாமனார் வீட்டில் இனி தலைகாட்ட முடியாது என்றார்.

எந்தப் பிராசசர் ஓவர்கிளாக்குக்கு ஒத்துவரும், அதன் சூட்டை இறக்க நல்ல கூலர் எதற்கு, வாரண்டி என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஓடுமா, ஓடாதா?"

பட்டு உறை

நல்ல கூலர் மாட்டி, படிப்படியாகக் கூட்டி, நாள் முழுக்கச் சோதனை ஓட்டினேன். சூடு ஏறவே இல்லை. கெத்தாகக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது: வீடியோ பாதி தயாராகும்போதே மிஷின் அணைந்துபோகிறதாம். பஸ் பிடித்துப் பரவைக்கு ஓடினேன்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை. உள்ளே நுழைந்ததும் என் சட்டை நனைந்துவிட்டது. மிஷினுக்குத் தூசி படக்கூடாது என்று முருகன் அண்ணன் மனைவி பட்டுத் துணியில் ஜரிகை வைத்து உறை தைத்துப் போட்டிருந்தார். மிஷின் அந்த உறைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் சோதித்ததோ ஏசி அறையில். இது எங்கே இருக்கப்போகிறது என்று மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன். உறையைக் கழற்றச் சொன்னதும் அந்த அக்கா முகம் சுருங்கியது. "வரவேற்பு வேலைக்கு நடுவுல உக்காந்து தச்சேன் தம்பி. போடுறப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

மெதுவாக

உறையைக் கழற்றியும் சூடு இறங்கவில்லை. ஞாயிறு நெருங்கிவிட்டது. நான் ஏற்றிய வேகம் முழுவதையும் இறக்கிவிடுவதுதான் வழி என்று முருகன் அண்ணனிடம் சொன்னேன். பிறகு எதற்கு இதைக் கடைக்குத் தூக்கி வந்தேன் என்று அவர் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கம்பெனி வேகத்துக்கே இறக்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு வந்தேன்.

மிஷின் மெதுவாக ஓடியது, ஆனால் நிற்காமல் ஓடியது. ஞாயிறு காலையில் வீடியோ முடிந்தது, மாலையில் திரையில் ஓடியது. அடுத்த வாரம் அவரே ஒரு நண்பரைக் கடைக்குக் கூட்டிவந்து என்னைக் காட்டினார்: "இந்தத் தம்பிதான். மிஷின எம்புட்டு மெதுவா ஓட்டணும்னு இவருக்குத்தான் தெரியும்."

இப்போதெல்லாம் வேகம் கேட்டு யார் வந்தாலும், என்ன பிராசசர் என்பதற்கு முன்னால் என்ன கூரை என்று கேட்கிறேன். வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செல்வம் அண்ணனிடம் உண்மையான இன்ஜினியர் எப்போது வருவார் என்று விசாரிக்கிறார்கள்.