ஒவ்வொரு காம்பராவையும் வரைந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை றத்தோட்டையில் பஸ் ஏறியதும் கண்டக்டர் சொன்னார்: "மாஸ்டர், ஒங்க பிளான் தொரை விடியக்காலம் தவறிட்டாருங்க." அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, வந்த வழியே அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அலெக் டன்பார் ஐயாவைத் தோட்டத்து மக்கள் 'பிளான் தொரை' என்றுதான் அழைத்தார்கள். ஸ்கொட்லாந்தில் கல்வேலை செய்யும் மேசன் ஒருவரின் மகன். கட்டடக்கலை படித்து, தேயிலைத் தொழிற்சாலை கட்ட இலங்கைக்கு, எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். அது முடிந்ததும் தொழிலாளர் குடியிருக்கப் புதிய லயங்களுக்குப் பிளான் கேட்டார்கள். தோட்டப் பள்ளி வாத்தியாரான என்னை, பேச்சுத் துணைக்குக் கூட்டிக்கொண்டார்.

சுவரை அளக்குமுன் அவர் சாமானை அளப்பார். பழைய லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த ஒவ்வொரு காம்பராவிலும் அடுப்பு எங்கே, அம்மி எங்கே, தூளி எங்கே தொங்குகிறது என்று வரைந்து, குடியிருப்பவர்களின் பெயரையும் எழுதுவார்.

"அம்மிக்கும் பிளான் போடுறீங்களா தொரை?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"அம்மிக்கு எடம் இல்லாம வீடு கட்டினா, நீங்க என்னயத்தான அரைப்பீங்க" என்பார்.

அந்தச் சமயம் என் அக்காவும் அத்தானும், அத்தானின் தாயார் காரியத்துக்காக இந்தியா போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்திருந்த சாவியால் திறந்து, அவர்கள் காம்பராவையும் ஐயா விறகு, கம்பளி வரை ஒன்று விடாமல் வரைந்தார். பெயருக்குக் கீழே 'ஊரில் இல்லை' என்று எழுதினார். கடைசி நான்கு காம்பராக்களுக்குப் போகுமுன் மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் ஒரே அளவுதானே? 'மற்றவையும் இவ்வாறே' என்று எழுதிவிட்டுத் திரும்பினோம். அவர் தொழிலில் அது வழக்கம்.

புதிய லயத்தைத் தோட்டக் கம்பனி கட்டவேயில்லை. ஆனால் சில வருடங்களில் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. இங்கேயே தொடர்ந்து வாழ்ந்தோம் என்று காட்டினால்தான் இந்நாட்டுக் குடிகள்; காட்ட எங்கள் சனங்களிடம் கடதாசி இல்லை. தோட்டத்துப் பேர்ப்புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. ஐயா, தேதி போட்ட அந்தப் பிளானைத் தேடி எடுத்தார்.

அதில் தங்கள் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும் அக்கா அழுதுவிட்டார். "அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிருங்க தொரை. பென்சில் எழுத்துதானே."

"அழிச்சா மத்தவங்க பேரும் பொய்யாப் போயிரும்மா. நான் வந்து பேசுறேன்."

மாத்தளையில் நடந்த விசாரணையில் அதிகாரி அந்த வரியில்தான் விரலை வைத்தார். "இவர்கள் நாட்டை விட்டுப் போனவர்கள்."

ஐயா எழுந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "கனமென்று அம்மியை விட்டுப் போயிருக்கலாம். கொடியில் கிடக்கும் புதுக் கம்பளியை விட்டுப் போவார்களா? அடுப்பங்கரையில் இவ்வளவு விறகு அடுக்கி வைப்பார்களா? இது ஆட்கள் திரும்பி வரப்போகிற வீடு."

அதிகாரி பிளானில் கம்பளியையும் விறகையும் விரலால் தேடிப் பார்த்தார். அக்கா குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

கடைசி நான்கு காம்பராக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. பிளானில் அவர்கள் பெயர் இல்லை. பின்னாளில் அவர்கள் இந்தியா புறப்பட்டபோது ஐயா மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். "நீங்க என்ன செய்வீங்க தொரை, மழை பெஞ்சிச்சு" என்று அவர்களில் ஒருவரான காளிமுத்துதான் அவரைத் தேற்றினார்.

அதன்பின் கம்பனியை விட்டு றத்தோட்டையிலேயே தங்கி, பள்ளிகளும் மருந்தகங்களும், வஹகோட்டைப் பக்கம் ஒரு சிற்றாலயமும் கட்டினார். எங்கள் பள்ளிக்கு ஆறு வகுப்பறைகள் வரைந்தபோது பார்க்கப் போயிருந்தேன். ஆறும் ஒரே அளவு. ஆறையும் ஜன்னல், பிள்ளைகள் உட்காரும் வாங்கு உட்படத் தனித்தனியே வரைந்துகொண்டிருந்தார்.

"ஒன்னு வரைஞ்சாப் போதாதுங்களா? அலுப்பா இல்லையா?" என்றேன்.

பென்சிலைச் சீவியபடியே சொன்னார்: "ஒருக்கா அலுத்துட்டேன் மாஸ்டர்."

நேற்று அவரை அடக்கம் செய்தோம். எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டு விலகினோம். அக்கா விலகவில்லை. மீண்டும் குனிந்து மண் அள்ளினார். "இது காளிமுத்து அண்ணன் வீட்டுக்கு" என்று போட்டார். பிறகு மற்ற மூன்று வீடுகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பிடி போட்டார்.

போய் வாருங்கள், ஐயா.