தலைவரின் தாடை

டீ வந்ததும் தலைவர் பல்லைக் கழற்றுகிறார். திரும்பி உட்கார்ந்தோ கைக்குட்டையால் மறைத்தோ அல்ல, கடையில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கத்தான். முதலில் மேல் செட், பிறகு கீழ் செட். இரண்டையும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, கூட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பன்னை டீயில் நனைத்து உறிஞ்சுகிறார். டம்ளர் காலியானதும் பல் மறுபடி வாய்க்குள் ஏறுகிறது. பேச்சு தொடங்குகிறது.

"பல்லுங்கறது பேசுறதுக்கு. திங்கிறதுக்கு ஈறு போதும்" என்பார். இதைக் கொள்கை மாதிரிச் சொல்வார். அந்தப் பல்லால் அவரால் ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக மெல்ல முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் ஏற்க முன்வராததால் வந்த பதவி. அதற்குமுன் ஓர் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. அதில் மார்பை நிமிர்த்தி, தாடையை முன்னே தள்ளிக்கொண்டு, எதிரே ஒரு படையே நிற்பதுபோல் முறைக்கிறார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். மோட்டார் போடச் சொல்லி இறங்கிப் போகும்போதெல்லாம் அந்தத் தாடையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சொன்னால் என்ன, எனக்கு அந்தப் படத்தையும் பிடிக்காது, ஆளையும் பிடிக்காது.

வினை அந்தப் படத்தில்தான் இருந்தது. இருந்த பல்லையெல்லாம் எடுத்து ஈறு ஆறியபின், பல் டாக்டர் அவர் வாயில் மெழுகை வைத்து, "எச்சிலை முழுங்கிட்டு, சும்மா வாயை மூடுங்க சார்" என்றிருக்கிறார். மேலும் கீழும் எங்கே சேர்கிறது என்று பார்ப்பதற்கான அளவு அது. இவரா சும்மா மூடுகிற ஆள்? ஆயுசுக்கும் இருக்கப்போகிற பல், கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று படத்தில் உள்ள மாதிரியே தாடையைத் தள்ளிக்கொண்டு மூடியிருக்கிறார். அதே அளவுக்குப் பல் வந்துவிட்டது.

இப்போது தாடையைத் தள்ளினால்தான் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கும். கொஞ்சம் தளர்த்தினால் ஒன்று கிழக்கே போகும், மற்றது மேற்கே போகும். அதனால் பகல் முழுக்கத் தலைவர் படமாகவே நடமாடுகிறார். சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினாலும் போர் முழக்கம் மாதிரி இருக்கிறது, நடுநடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'தாடை'. சாயங்காலம் ஆனால் காதோரம் வலி. மனைவி வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒற்றிவிட வேண்டும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. மறுபடி அளவெடுத்தார். மறுபடியும் இவர் தாடையைத் தள்ளினார். இரண்டாவது செட்டும் முதல் செட்டின் உடன்பிறப்பாகவே வந்து சேர்ந்தது. "அந்தப் பொண்ணுக்குக் கை பழகலப்பா. என்னை வச்சுத்தான் தொழில் கத்துக்குது" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதில் என் வயிற்றெரிச்சல் வேறு. அவர் மனைவிக்கும் பல் இல்லை. அந்தம்மாவின் ஈறும் எப்போதோ ஆறிவிட்டது. அளவெடுக்க நாள் குறிப்பார்கள், இருவரும் கிளம்பிப் போவார்கள். போனதும் இவர், "ரெண்டே நிமிஷம்மா, என்னோடதைக் கொஞ்சம் பாத்துடு" என்று நாற்காலியில் ஏறிவிடுவார். இறங்கும்போது அடுத்த நோயாளி வாசலில் நிற்பார். அம்மா அப்படியே வீடு திரும்புவார். நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். "தனக்கு மிஞ்சித்தான் தானம். அவ எங்க மேடையேறிப் பேசப் போறா?" என்றார், டக்.

அந்தம்மா சிரித்தாலும் பேசினாலும் வலது உள்ளங்கை வாய்மேல் இருக்கும். மாடிப்படியில் ஒருநாள் நான் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன். நின்று பார்த்தார். நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கையை எடுக்காமலே சொன்னார்: "பல்லு வந்தா மொதல்ல இதத்தான் கடிக்கணும் தம்பி. பேச்சு கெடக்கட்டும், எனக்கு ஒரு வாய் கடலை போதும்." மீதிக் கடலையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் கடைவாய்ப் பல் வலி என்று நானும் அதே டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். இவர்களும் வந்தார்கள். அன்று அம்மாவுக்குக் குறித்த நாள். என்னைக் கண்டதும் தலைவருக்குத் தெருவிளக்கு ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை கம்பத்தில் விளக்கு எரியவில்லை, அதற்குத் தாம் யார் யாரிடம் எப்படிக் கர்ஜித்தார் என்று தாடையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் பிறவியிலேயே கேட்காத அக்கறையுடன் கேட்டேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தார். நான் இன்னொரு கம்பத்தைப் பற்றி விசாரித்தேன்.

அதற்கும் பதில் சொல்லி முடித்தபின்தான் அவருக்கு உறைத்தது. உள்ளே ஓடினார். கதவு திறந்தே கிடந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார். மெழுகு ஏற்கெனவே வாய்க்குள் போயிருந்தது.

"எறங்கு, எறங்கு. ரெண்டே நிமிஷம், நான் காட்டிட்டு வந்துடறேன்."

"இப்ப எடுக்க முடியாது சார். தள்ளி நில்லுங்க" என்றார் டாக்டர். "அம்மா, எச்சிலை முழுங்கிட்டு, சும்மா மூடுங்க."

தலைவர் தள்ளி நிற்கவில்லை. குனிந்து மனைவியின் முகத்துக்கு எதிரே தம் முகத்தைக் கொண்டுபோனார். "சும்மா மூடாதே. தாடையை முன்னால தள்ளு. இந்தா, என்னைப் பாரு, இப்படி. தலைவர் வீட்டம்மான்னு ஒரு மதிப்பு வேணாமா? தள்ளுடீ!"

அம்மாவின் வலது கை எழுந்தது. வழக்கம்போல் வாயை மூடத்தான் போகிறது என்று நினைத்தேன். அது வாய்ப்பக்கம் போகவில்லை. நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தாடைக்கு நேரே விரிந்து, அதைத் தொட்டு, கதவு சாத்துவதுபோல் அப்பால் தள்ளியது. பிறகு கண்ணை மூடி, எச்சிலை விழுங்கி, சும்மா வாயை மூடினார்.