கண்ணாடிக்குள் ஓடிய கோச்சி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வரும், சில பெயர்கள் வரவே வராது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நேற்றுப் பேத்தியின் பள்ளிக்கூடப் பாவாடையைச் சுருக்கித் தைப்பதற்காகப் பழைய தையல் மெசினை வெளியே எடுத்தேன். கனகாலம் ஓடாமல் கிடந்த மெசின். எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். எண்ணெயும் இரும்பும் சேர்ந்த அந்த மணம் விரலில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டேன். தையல் மெசின் எண்ணெய்க்குப் பயப்படுகிற மனுசி இந்த ஒக்லாந்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அது ரயில் கடையின் மணம். ரயில் கடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

ரயில் கடை என்றால் டிக்கெட் விற்கிற இடமில்லை. சின்னச் சின்னக் கோச்சிகள் விற்கிற கடை. ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் கடைக்காரர் கிரகாமுக்குப் பிடிக்காது, "மொடல், மொடல்" என்று திருத்துவார். கைக்குள் அடங்குகிற இஞ்சின், சட்டைப் பொத்தான் அளவு சக்கரம், தீக்குச்சி போலத் தண்டவாளம். நாங்கள் இருந்தது மவுண்ட் ரோஸ்கில் என்ற இடத்தில். லின்ஃபீல்ட் பக்கம் போகிற பஸ் ஒரு கடைத்தெருவில் நிற்கும். பாலும் பாணும் விற்கிற டெய்ரி ஒரு பக்கம், இறைச்சிக் கடை மறுபக்கம், நடுவில் இது. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய மேசை. அதன்மேல் ஒரு மலை, ஒரு பாலம், ஒரு குட்டி ஸ்டேசன். கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் ஒரு கோச்சி அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கதவு தட்டினால் பயம், போன் அடித்தால் பயம். கடைக்குள் காலை வைத்தால் யாராவது வந்து என்ன வேண்டும் என்று இங்கிலிசில் கேட்பார்களே என்று வாசலிலேயே திரும்பிவிடுவேன். தையல் பக்டரியில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்பேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பார்க்கிறதற்கென்றே வைத்திருக்கிற சாமானைப் பார்க்கிறவளை என்ன கேட்பது?

என் வீட்டுக்காரருக்கும் அந்தக் கண்ணாடி பிடித்துப்போனது. ஊரில் இருக்கும்போது இவர் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். வெள்ளிக்கிழமை கோச்சி ஏறி வீட்டுக்கு வருவார், ஞாயிறு திரும்பிப் போவார். எங்கள் கலியாண வாழ்க்கையில் பாதி எங்கள் ஊர்ச் சுன்னாகம் ஸ்டேசனில்தான் நடந்தது என்று சொல்லலாம். மற்ற ஆம்பிளைகள் கோச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொற்றிக் குதிப்பார்கள். இவர் அது முற்றாக நின்று, ஒரு ஆட்டம் ஆடி அடங்கிய பிறகுதான் இருக்கையை விட்டு எழும்புவார். எல்லாருக்கும் கடைசியாகத்தான் இறங்குவார். மேடையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நான், வரவில்லையோ என்று ஒவ்வொரு முறையும் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்ப்பேன். இங்கே வந்து மனுரேவாவில் ஒரு பெரிய ஸ்டோரில் பெட்டி அடுக்கினார். ரயிலில்தான் போய்வந்தார். இறங்குகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

பென்சன் எடுத்த பிறகு இவருக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த கேத்தில், பிறகு பெயர்கள், பிறகு தெரு. வயதானவர்களுக்கு பஸ்ஸில் சும்மா ஏறிப் போக இங்கே ஒரு அட்டை கொடுக்கிறார்கள், நல்ல விசயம்தான். ஆனால் மறதிக்கார மனுசன் கையில் அது இருந்தால் எந்த பஸ்ஸிலும் ஏறலாம், எங்கேயும் போகலாம். அதை ஒளித்து வைத்தால் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடுவார். என் மகள் சுபா சொல்லித்தான் அவருடைய சுவெற்றர்களின் உட்கழுத்தில் என் போன் நம்பரைச் சிவப்பு நூலால் தைத்து வைத்தேன்.

ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், வாசல் கதவு திறந்து கிடக்கிறது. ஆளைக் காணவில்லை.

இதை எழுதவே கை தயங்குகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளையைக் காணவில்லை என்று லேசில் வாயால் சொல்லமாட்டோம். காணாமல் போனவர் என்றால் அதற்கு வேறு அர்த்தம். என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, சீருடை போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, படம் இருந்தால் தாருங்கள், தேடித் தருகிறோம் என்று கேட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே படம். அம்மா கொடுத்தார். தம்பியும் வரவில்லை, படமும் வரவில்லை. முகத்தை நினைத்துப் பார்க்கக்கூட ஒன்றும் இல்லாமல் போனது.

அதனால் நான் பொலிசுக்குப் போன் அடிக்கவில்லை. சந்தியில் போய் நின்றேன். சுபா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, பொலிசுக்கு அடிச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. சந்தியில நிண்டு பாக்கிறன்."

"சந்தியில நிண்டு என்னத்தைப் பாக்கிறியள்? அவர் என்ன, ஊர்வலத்திலயோ வாறார்? அடியுங்கோ அம்மா."

"வருவார், பிள்ளை. பொலிஸ் வேண்டாம்."

"இது நியூசிலாந்து அம்மா."

தெரியும். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. போனைப் பிடித்தபடி நிற்கும்போது அது அடித்தது. ஒரு வெள்ளைக்காரக் குரல், உங்கள் புருசன் என் கடையில் இருக்கிறார், சுகமாக இருக்கிறார், அவசரப்படாமல் வாருங்கள் என்றது. "தேங்க் யூ, சொறி, தேங்க் யூ" என்று மாறி மாறிச் சொன்னேன்.

அன்றுதான் ரயில் கடைக்குள் முதன்முதலாகப் போனேன். இத்தனை வருசமும் வெளியேதான் நின்றிருக்கிறேன். எண்ணெய் மணம், சூடேறிய சின்ன மோட்டார்களின் மணம். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, வாங்கோ போவம்."

"பொறும். கோச்சி நிக்கட்டும்."

"அது நிக்காதப்பா. அது சுத்திக்கொண்டுதான் இருக்கும்."

"ஓடேக்க இறங்கச் சொல்லுறீரோ? விழுந்து காலை முறிச்சா நீரோ பாக்கிறது?"

என்ன சொல்கிறார் என்று கிரகாம் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிசில், "ட்ரெயின் ஸ்டொப், ஹீ கம்" என்றேன். அந்த மனுசன் சிரிக்கவில்லை. ஒரு குமிழை மெல்லத் திருகினார். கோச்சி வேகம் குறைந்து, குட்டி ஸ்டேசனில் போய் நின்றது. இவர் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து எழும்பினார். சுவெற்றரை இழுத்து விட்டுக்கொண்டு என்னோடு வந்தார்.

அதன் பிறகு இவர் வெளிக்கிட்டுப் போனால் அங்கேதான் போவார். கிரகாம் போன் எடுப்பார், நான் பஸ்ஸில் போவேன். எந்த ஸ்டேசனில் இறங்குவார் என்று ஒரு நாள் கேட்டார், சொன்னேன். அடுத்த முறை குமிழைத் திருகிக்கொண்டே, "சூனாகம், சூனாகம், ஓல் அவுட்" என்று கோச்சிக் கார்ட் போலக் குரல் கொடுத்தார். கடையில் நின்ற கிழவர்களில் ஒருவர், அது ஹமில்டன் டவுனுக்கு இங்காலேயா அங்காலேயா என்று கேட்டார். இவரும் சிரித்தார். விளங்கிச் சிரித்தாரோ, எல்லாரும் சிரித்ததற்குச் சிரித்தாரோ தெரியாது.

இப்படியாக ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது. இந்தக் கடை மூடினால் என்ன செய்வேன்?

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நகரத்தில் இந்த மாதிரிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்று கிரகாமே சொல்வார். வருகிறவர்கள் இஞ்சினைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், போனில் படம் பிடிப்பார்கள், வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் வேறு எங்கேயோ வாங்குவார்கள். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. அங்கே தொட்டுப் பார்க்கிற கை நிறைய, பையோடு வெளியே போகிற கை குறைவு. வந்தவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். இளம் ஆட்கள் கண்ணாடியைத் தாண்டித் தேநீர்க் கடைக்குப் போவார்கள்.

என்னால் ஆனதைச் செய்தேன். இவரைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு சின்னப் பக்கற்றை விரலால் காட்டி வாங்குவேன். மொடலுக்கு வைக்கிற குட்டி மரங்கள், குட்டி வேலிகள், அரிசி அளவு ஆடுகள். நான் வீட்டில் ஒரு பண்ணை கட்டுகிறேன் என்று கிரகாம் நினைத்துவிட்டார். "ஹௌ இஸ் யுவர் ஃபாம்?" என்று ஆசையாகக் கேட்பார். நான் "குட், குட்" என்பேன். வேறு என்ன சொல்ல, உங்கள் கடை மூடக்கூடாது என்று ஆடு வாங்குகிறேன் என்றா? பண்ணை முழுக்க என் சேலைகளுக்குக் கீழே கிடந்தது. ஒரு நாள் சுபா கண்டுபிடித்தாள்.

"அம்மா, இதென்ன, ஆட்டுப்பட்டி வைக்கப் போறியளோ?"

"பேத்திக்குத்தான்."

"அவள் லிப்ஸ்ரிக் கேக்கிறாள். நீங்கள் ஆடு வாங்கிறியள்."

பஸ்ஸில் போகும்போது அந்தத் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும், பார்க்கவும் பயம். ஒரு நாள் கண்ணைத் திறந்தேன், கண்ணாடியில் சிவப்பு எழுத்து ஒட்டியிருந்தது. இங்கிலிஸ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மூடுகிறார்கள் என்று விளங்கியது.

கிரகாமுக்குக் கடை ரென்ற் ஏறிவிட்டதாம், முழங்காலும் சரியில்லையாம். தென் பக்கத்தில் இருக்கிற மகளிடம் போகிறாராம், காரேஜில் வைத்துக் கம்ப்யூட்டரில் விற்பாராம். அந்தக் கடைசிக் கிழமை கடைக்குள் நிற்க இடமில்லை. எங்கே இருந்தார்கள் இவ்வளவு பேரும்? ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போய் ஸ்டேசனைத் தூக்கினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கிரகாம் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஐ வொறி" என்றார். "மீ டூ" என்றேன். அதற்கு மேல் என்னிடம் இங்கிலிஸ் இல்லை.

பயந்தது நடந்தது. கடை மூடிக் கொஞ்ச நாளில், மழைக் காலத்தில், இவர் மறுபடி வெளிக்கிட்டுப் போய்விட்டார். போன் அடிக்கவில்லை. அடிக்க யாரும் இல்லை. இந்த முறை சுபா என்னைக் கேட்காமல் தானே பொலிசுக்குச் சொல்லிவிட்டாள்.

வந்த பொலிஸ் ஒரு பசிபிக் தீவுக்காரப் பெடியன், கதவை அடைத்துக்கொண்டு நின்றான். சீருடையைக் கண்டதும் நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவன் வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தான். குனிந்து தன் பெரிய சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தான். ஒரு சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

"ஆன்ட்டி, அங்கிளின் படம் இருக்கிறதா?" என்று இங்கிலிசில் கேட்டான்.

சுவரிலிருந்த படத்தைக் கழற்றினேன். நீட்டினேன். அவன் பிடித்தான். என் கை விடவில்லை. விட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, விரல் விடவில்லை. அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "நோ, நோ, யூ கீப் இட்" என்று சொல்லித் தன் போனை எடுத்து, என் கையில் இருந்தபடியே படத்தைப் படம் பிடித்தான்.

எங்கே போகக்கூடும் என்று கேட்டான். நான் வழி காட்டினேன். பொலிஸ் காரின் பின் சீட்டில் இருந்து போன அந்தத் தூரத்தை நான் யாருக்கும் சொல்ல விரும்பவில்லை.

கடைக்கு முன்னால்தான் இருந்தார், பஸ் நிற்கிற இடத்து வாங்குப் பலகையில், நனைந்துபோய். கண்ணாடிக்கு உட்புறம் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கையை முழங்காலில் வைத்திருந்தார். பெடியன் மெல்லத் தோளில் தொட்டான். இவர் அசையவில்லை.

"கோச்சி இன்னும் நிக்கேல்லை" என்றார்.

எந்தக் கோச்சி? நிற்பாட்ட அங்கே ஒரு குமிழ் இல்லை, கிரகாம் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தெருவில் சத்தம் போட்டுக் கதைத்த ஆள் இல்லை. கோயிலில்கூட வாய்க்குள்தான் பாடுவேன். எங்கே இருந்து வந்ததோ தெரியாது.

"சுன்னாகம், சுன்னாகம், இறங்கிற ஆக்கள் எல்லாம் இறங்குங்கோ" என்று கத்தினேன்.

இறைச்சிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். இவர் கொஞ்சம் பொறுத்து எழும்பினார்.

"இண்டைக்குச் சரியான லேற்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு சுபா கதவின் உச்சியில் ஒரு பூட்டுப் போட்டுத் தந்தாள். கனகாலம் அதைப் பூட்டிப் பூட்டிப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். ஒரு முறை இவரை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன், மற்றக் கண்ணாடிகளைப் பார்த்த மாதிரியே அதையும் பார்த்தார். போன மாதத்திலிருந்து நான் பூட்டுவதில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்று எட்டிப் பார்க்கிறேன். காற்று வருகிறது. இருந்த இடத்திலேயே இருக்கிற இவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு போய்விடுவாரோ என்று பயந்தேன். இப்போது எழும்பமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

இதில் பிழைகள் இருக்கும். டெய்ரி கடைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று எழுதும்போதே குழம்பினேன், கிரகாம் சொன்னதெல்லாம் எனக்குச் சரியாக விளங்கியதோ தெரியாது. ஊரில் இருந்த காலத்திலிருந்து நான் எதை எழுதினாலும் இவர்தான் பேனையை எடுத்து, வாத்தியார் மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு திருத்தித் தருவார். இதையும் இன்று காலை அவர் மடியில் வைத்தேன். தாளைத் தடவினார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. நீங்கள் வாசிப்பது இரண்டாம் தரம் எழுதியது. அந்தத் தெருவைத் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்.