பாட்டில் வாழையும் ஒரு வெட்டு கூடுதலும்

வாழைக்குப் புள்ள பெத்துக் குடுக்குறது எங்க தொழிலு. கல்யாணம் கெடையாது, கர்ப்பம் கெடையாது, பிளேடு மட்டுந்தான். காலேஜைப் பாதியில விட்டுட்டு, காரைக்குடிக்கு வெளிய ஒரு திசு வளர்ப்பு லேப்புல கெடக்கேன். கெடச்ச வேலையில சிக்கி முழிக்கிற மக்களே, ஒங்களுக்குத்தான் சொல்றேன்.

முடிவெடுக்காத செல்லு

வாழைக்கெழங்கு நுனியில கடுகுத்தண்டிக்கு ஒரு குருத்து இருக்கும். அதக் கழுவி பாட்டில்ல வச்சா, செல்லு ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். வேராகணுமா, இலையாகணுமான்னு அதுக இன்னும் முடிவு பண்ணிருக்காது. ஒரு மருந்துக்குக் குருத்தாப் பெருகும். வேற மருந்துக்கு மாத்துனா வேர் விடும். "நம்மளும் இப்படித்தாங்க்கா, எதாவும் ஆகாம நிக்கிறோம்"னேன், பக்கத்துல வெட்டிக்கிட்டிருந்த சுந்தரியக்காகிட்ட.

அக்கா மாஸ்க்கை எறக்கக்கூட இல்ல. "அதுக்காச்சும் மருந்து இருக்குடா. ஒனக்கு?"

இன்னொரு வெட்டு

பெருகுன குருத்தப் பிரிச்சு வெட்டி, புதுப் பாட்டில்ல வைக்கணும். அதுக்கும் எல்லை உண்டு. ஒரே குருத்தத் திரும்பத் திரும்ப வெட்டுனா, செல்லு பிரியிறப்பத் தப்பு சேந்துக்கிட்டே போகும்; கன்னு கோணலா வரும். அப்ப எல்லாத்தையும் கொட்டிட்டு, புதுக் கெழங்குல ஆரம்பிக்கணும்.

ஒரு நாளு எங்க குருத்து எல்லையத் தொட்டுருச்சு. ஆனா காதர் பாய் கேட்ட கன்னு எண்ணிக்கை இன்னும் சேரலை. பாய் சவுதியில டிரைவரா இருந்தவரு. இனிமே புள்ளைகளோடதான் இருக்கணும்னு ஊருக்கு வந்து, சம்பாதிச்சதெல்லாம் தேவகோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துல போட்டிருந்தாரு. "வேணாம்ணே, இதுக்கு மேல வெட்டுனா கெட்டுரும்"னு அக்கா முதலாளிகிட்ட கெஞ்சுச்சு.

முதலாளி பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "பச்சையாத்தானே இருக்கு? வெட்டுங்க."

தோட்டத்துல டீ

கன்னு பாய் தோட்டத்துல வளந்து, தார் விடுற நேரம் பாய் போன் பண்ணுனாரு, மரம் சரியில்லைன்னு. முதலாளி போகலை. "நீதான்டா நல்லாப் பேசுவ"ன்னு என்னைய பஸ் ஏத்திவிட்டாரு. மண்ணு சரியில்ல, வெயிலு ஜாஸ்தின்னு சொல்லணுமாம்.

போயிப் பாத்தா பாதி மரம் குட்டை. இலை கோணையா, கயிறாட்டம் தொங்குது. தாரு வெளிய வர வழியில்லாம கழுத்துலயே முட்டிக்கிட்டு நிக்கிது. வாயத் தொறந்தேன். பாய் கையமத்திட்டு, பிளாஸ்க்குலருந்து டீ ஊத்திக் குடுத்தாரு.

"சிரமப்பட்டுப் பொய் சொல்லாதீக தம்பி, டீ ஆறிரும். நான் அடுத்த மாசம் சவுதிக்கே திரும்பிப் போறேன். அங்க மணல்ல ஒண்ணும் மொளைக்காது. மொளைக்கும்னு சொல்லி ஒருத்தரும் ஏமாத்தவும் மாட்டாக."

இப்ப லேப்புல எனக்குன்னு தனியா ஒரு வேலையே ஒதுக்கிட்டாக: கெட்ட கன்னு போன தோட்டத்துக்கெல்லாம் போயி டீ குடிச்சிட்டு வர்றது.